வேட்டைக்காரன் இல்லை... மனுஷன் முதல்ல இரை! ஆதி மனிதனைக் குறிவைத்த முதலை, கழுகு, சிறுத்தை

வலங்கைமான்ல இருந்து பாபநாசம் வழியா கபிஸ்தலம் போயிருக்கீங்களா? 108 திவ்ய தேசங்கள்ல ஒண்ணான கஜேந்திர வரதர் கோயில் அங்கேதான் இருக்கு. குளத்துல இறங்கின யானையோட காலை முதலை கவ்விய கதைதான் அதோட தல புராணம். யானைக்கே அந்தக் கதின்னா, நாலடி உயர ஆதி மனிதன் எம்மாத்திரம்?

இது வெறும் கற்பனைக் கேள்வி இல்லை. தான்சானியாவின் ஓல்டுவாய் பள்ளத்தாக்கில், சுமார் 18 லட்சம் வருஷத்துக்கு முந்தைய மனித மூதாதையரின் கால் எலும்புகளில் முதலைப் பல் தடங்கள் இருக்கின்றன. அங்கே வாழ்ந்த முதலை இனத்துக்கு 2010-ல் விஞ்ஞானிகள் வைத்த பெயருக்கு அர்த்தமே, 'மனிதனைத் தின்னும் முதலை'!

ஆபத்து தண்ணியில மட்டும் இல்லை. 1924-ல் தென்னாப்பிரிக்காவில் கிடைத்தது 'டவுங் குழந்தை'யின் மண்டை ஓடு. வயசு மூணு, நாலுதான் இருக்கும். அதன் கண்குழிகளில் இருக்கும் கீறல்கள், கழுகு தின்ற குரங்குகளின் மண்டை ஓட்டில் இருப்பது போலவே இருக்கின்றன. ஸ்வார்ட்கிரான்ஸ் குகையில் கிடைத்த இன்னொரு மண்டை ஓட்டில் ரெண்டு துளைகள். சிறுத்தையின் கீழ்க் கோரைப்பற்கள் அதில் கச்சிதமாகப் பொருந்துகின்றன.

ஆனா, முதலைகிட்ட ஒரு சிக்கல் கூடுதல். காட்டைச் சுத்திப் போகலாம், தண்ணியைத் தவிர்க்க முடியுமா? கண்ணையும் மூக்கையும் மட்டும் மேலே வெச்சுக்கிட்டு அசையாம கிடக்கும். குனியுற நேரம் பார்த்துப் பாயும்.

கூரிய நகமோ நீண்ட கோரைப்பல்லோ இல்லாத மனுஷன் எப்படிப் பிழைச்சான்? கூட்டமா போனான். ஒருத்தர் கண்ணுல பட்டதும் சத்தம் போட்டு மத்தவங்களை உஷார்படுத்தினான். பிற்பாடு நெருப்பும் துணைக்கு வந்தது.

அந்தப் பாடம் டெல்டாவுக்கு இன்னிக்கும் தேவை. கும்பகோணத்தைத் தாண்டி அணைக்கரை போனா, கொள்ளிடத்தில் நன்னீர் முதலைகள் இருக்கு. 1972 வனவிலங்குச் சட்டம் பாதுகாக்கும் உயிரினம் அது. அடிக்கவோ பிடிக்கவோ கூடாது. நாமதான் ஒதுங்கணும். முதலை இருக்கிற கரையில இறங்கிக் குளிக்காதீங்க, செல்ஃபிக்காகக் கிட்டப் போகாதீங்க, இறைச்சிக் கழிவைக் கொட்டாதீங்க. முட்டையிடும் கோடைக்காலத்தில் இன்னும் கவனம்.

"ஆத்துக்குத் தனியா போகாதே, இருட்டுறதுக்குள்ள வந்துடு"ன்னு அப்பத்தா சொல்றப்போ சிரிக்காதீங்க. 18 லட்சம் வருஷத்துக்கு முன்னாடியே தேவைப்பட்ட எச்சரிக்கை அது!