புடவையின் உள்பக்கம்

சந்தாபுராவில் ஆனேக்கல் ரோட்டை ஒட்டி எனக்கு ஒரு தையல் கடை. எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் பெண்கள்தான் பெரும்பாலும் வருவார்கள். போன தை மாதம் கிருஷ்ணகிரிப் பெண் ஒருத்தி, 1986இல் அவள் அம்மா கட்டிய கல்யாணப் பட்டைக் கொண்டுவந்தாள்.

"அக்கா, ரிசப்ஷனுக்கு இதை கவுனா தைச்சுக் குடுங்க. மிச்ச ஜரிகையை எடைக்குப் போட்டுடலாம்னு வீட்ல சொல்றாங்க."

"கொஞ்சம் இரு கண்ணு" என்று மேசையில் விரித்து, புடவையை உள்பக்கம் திருப்பிப் போட்டேன்.

காஞ்சிபுரம் கோர்வைப் புடவை அது. அரக்கு உடல், பச்சைக் கரை. கோர்வையில் உடலுக்கு ஒரு நாடா, கரைக்குத் தனி நாடா. நெசவாளர் ஒருபக்கம் இருக்க, மறுபக்கக் கரைக்கு நாடா தள்ள இன்னொரு ஆள் வேண்டும். ஒவ்வொரு இழையிலும் உடலும் கரையும் கொக்கி போட்டதுபோல் பிடித்துக்கொள்ளும். முந்தி வேறு நிறமாக இருந்தால் உடலின் பாவு இழைகளோடு முந்தியின் பாவு இழைகளை ஒவ்வொன்றாகக் கையால் முறுக்கிச் சேர்ப்பார்கள். ஆயிரக்கணக்கான இழைகள்! பிட்னி என்பார்கள் இதை. சேர்த்த இடத்தை விரலால் தடவினால் சின்ன மேடு தட்டுப்படும். அவள் விரலைப் பிடித்து அந்த மேட்டில் வைத்தேன்.

கரையோரம் பிரிந்து நின்ற ஒரு ஜரிகை இழையைக் கீறிக் காட்டினேன். உள்ளே சிவப்புப் பட்டு நூல். அதன்மேல் வெள்ளிக் கம்பியைத் தட்டையாக்கிச் சுற்றி, தங்க முலாம் பூசியிருப்பார்கள். பழம்பட்டு வாங்குகிறவர்கள் புடவையை எரித்து அந்த வெள்ளியைத்தான் எடுக்கிறார்கள். நெசவு சாம்பலாகிவிடுகிறது. எனக்கு இது பொறுக்கவே மாட்டேன் என்கிறது.

வெளிநாட்டில் பழைய மாலைநேர கவுன்களுக்கு ஏன் அத்தனை மதிப்பு என்று கேட்பவர்களுக்கும் நான் இதையே சொல்வேன்: மதிப்பு உள்ளே இருக்கும் வேலையில்தான். பாரிஸில் மேதலைன் வியோனே 1920களில் துணியைக் கிராஸாக, அதாவது மூலைவாட்டில் வெட்டி கவுன் தைத்தார். நேராக வெட்டிய துணி விறைத்து நிற்கும். கிராஸில் வெட்டியது உடம்போடு இழைந்து வழியும். 1947இல் கிறிஸ்டியன் டியோர் கொண்டுவந்த உடைகளுக்கு இடுப்பும் வடிவமும் கொடுத்தது உள்ளே மறைந்திருந்த கட்டுமானம். அந்தக் காலத்துப் பெரிய தையலகங்களில் கைத்தையல் அதிகம். பிரித்துப் பெரிதாக்க உள்ளே தாராளமாகத் துணி விடுவார்கள். இன்றைய ரெடிமேடில் கால் அங்குலம் கிடைத்தால் அதிகம்.

போட்டவர் யார் என்பதும் விலையை ஏற்றும். பிரிட்டன் இளவரசி டயானா 1985இல் வெள்ளை மாளிகையில் ஆடியபோது உடுத்திய நீல வெல்வெட் கவுன், விக்டர் எடெல்ஸ்டைன் வடிவமைத்தது. 1997 ஜூனில் நியூயார்க்கில் அவருடைய 79 உடைகள் ஏலத்துக்கு வந்தபோது அந்த ஒன்று மட்டும் 2,22,500 டாலருக்குப் போனது. நம் பக்கம் எம்.எஸ். சுப்புலட்சுமி கட்டிய நீலப் பட்டு அவர் பெயராலேயே 'எம்.எஸ். புளூ' ஆகிவிட்டது. இந்தப் பெண்ணுக்கோ போட்டது அம்மா. அதைவிடப் பெரிய பெயர் எது?

ஆனால் புடவையின் உடல், மடிப்பு விழுந்த இடங்களிலெல்லாம் கிழிந்திருந்தது. பல வருடம் ஒரே மடிப்பில் பீரோவில் கிடந்தால் பட்டு அந்தக் கோட்டில்தான் விடும். உடல் நன்றாக இருந்திருந்தால் கத்தரி வைத்திருக்கவே மாட்டேன். அரக்கில் புதுப் பட்டு வாங்கி, லைனிங் கொடுத்து, கரையையும் முந்தியையும் கையாலேயே எமிங் செய்து பிடித்தேன். பிட்னி மேடு இடுப்பில் முன்பக்கம் வரும்படி வைத்தேன். பக்கத் தையலில் ஒன்றரை அங்குலம் உள்ளே விட்டிருக்கிறேன், நாளை அவள் மகளுக்கும் பிரித்துத் தைக்கலாம். பதினாறு நாள் வேலை.

உங்கள் வீட்டுப் பீரோவிலும் இப்படி ஒன்று இருக்கும். வெளியே எடுத்து நிழலில் காற்றாட விடுங்கள். மடிப்பை மாற்றி, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். ஜரிகைமேல் சென்ட் அடிக்காதீர்கள், பூச்சி உருண்டையும் படவேண்டாம், கறுத்துவிடும். எடைக்குப் போடுமுன் ஒரு தடவை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள்.