குழலின் நீளமா, புரியின் முறுக்கா?

"சார், குழல் நீளமா இருந்தா குண்டு ஆடாமப் போகும்தானே?" என்.சி.சி. மாணவர்கள் .22 ரைபிளைக் கையில் எடுத்ததும் என்னிடம் கேட்பது இதைத்தான். பாலிடெக்னிக் பட்டறையில் லேத்தில் மரை வெட்டக் கற்றுக்கொடுக்கிறவன் நான். மரையிலிருந்தே பதில் சொல்வேன்.

ரைபிள் குழலின் உட்சுவரில் திருகிச் செல்லும் பள்ளங்கள் உண்டு. மரைக்குப் பிட்ச் பார்ப்பதுபோல, பள்ளம் ஒரு முழுச் சுற்றுக்கு எத்தனை அங்குலம் எடுக்கிறது என்று பார்ப்பதே முறுக்கு அளவு. .22 ரைபிளுக்கு வழக்கமாக 16 அங்குலம். விநாடிக்கு 1,080 அடி வேகத்தில் வெளியேறும் குண்டு, விநாடிக்கு 810 முறை சுழலும்.

இந்தச் சுழற்சி எதற்கு? நீண்ட குண்டின் எடைமையம் பின்தள்ளி இருக்கிறது. காற்றின் விசையோ அதற்கு முன்னால், மூக்குப் பக்கம் தாக்குகிறது. சுழலாவிட்டால் குண்டு புரண்டுவிடும். குண்டு நீள நீள, புரட்டும் விசையும் வலுக்கும். முறுக்கும் நெருங்க வேண்டும்.

இதை அழகாக நிரூபித்தவர், பட்டறைக்காரர்கள் அறிந்த பி.எஸ்.டபிள்யூ. மரையைத் தந்த ஜோசப் விட்வொர்த். 1850களில் மான்செஸ்டரில் தன் வீட்டருகே 500 கஜ நீளக் கூடம் எழுப்பி, வரிசையாகத் தாள் திரைகள் கட்டி, குண்டு துளைத்த தடங்களை ஆராய்ந்தார். அன்றைய என்ஃபீல்டு ரைபிளின் முறுக்கு 78 அங்குலம். 39 அங்குலக் குழலுக்குள் குண்டு அரைச் சுற்றுதான் சுற்றியது. விட்வொர்த் அதே 530 கிரெய்ன் எடையை ஒல்லியாக, நீளமாக வார்த்தார். முறுக்கை 20 அங்குலமாக்கினார். 1857 சோதனையில், 500 கஜத்தில் என்ஃபீல்டு குண்டுகள் சராசரியாக இரண்டடிக்கு மேல் விலகின. அவருடையவை அரையடிகூட விலகவில்லை.

காற்றின் அடர்த்தியும் முக்கியம். தொடக்கக்கால எம்-16 ரைபிளின் முறுக்கு 14 அங்குலம். கடுங்குளிரின் அடர்ந்த காற்றில் குண்டு தள்ளாடியதால் 12 அங்குலமாக்கினார்கள்.

அப்படியானால் குழலின் நீளம்? வெடிமருந்து வாயு குண்டை எவ்வளவு தூரம் தள்ளுகிறது என்பதே அது; கூடினால், ஓர் எல்லைவரை வேகம் கூடும். முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி கூடுவதால் குறிபார்ப்பதும் துல்லியமாகும். நீளக் குழலின் பெருமை இதில்தான். குழலை வெட்டிக் குறைத்தாலும் மிச்சக் குழலில் முறுக்கு மாறாது. வேகம் குறைந்தால் சுழற்சி குறையும், காற்றின் புரட்டும் விசையும் சேர்ந்தே குறையும். ஆகவே நிலைப்பு ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும்.

இலக்குத் தாளில் துளைகள் வட்டமாக இருந்தால் குண்டுக்கும் முறுக்குக்கும் பொருத்தம் சரி. குண்டு பக்கவாட்டில் பதிந்து நீளத் துளை விழுந்தால், குழலின் நீளத்தைக் குறை சொல்லாதீர்கள். குட்டையான குண்டுக்கு மாறுங்கள், இல்லையேல் நெருக்கமான முறுக்குள்ள குழலைத் தேடுங்கள்.