ஏசலும் இறைப்பற்றும்

திண்டுக்கல்லுக்கு வடக்கே, குடகனாற்றின் கரையில் அமைந்தது தாடிக்கொம்பு. அங்கு எழுந்தருளியுள்ள சௌந்தரராசப் பெருமாளை மக்கள் அழகர் என்றே வழங்குவர். அக்கோயிலின் அரங்க மண்டபத் தூண்களில் திருமாலின் வடிவங்களோடு சிவபெருமானின் ஊர்த்துவ தாண்டவமும் அகோர வீரபத்திரர் உருவும் செதுக்கப்பட்டுள்ளன. ஒரு சமயத்தார் கோயிலில் அயற் சமயத்தார் போற்றும் தெய்வம் இடம்பெற்ற இவ்வுடன்பாடு கல்லில் அமைந்தது. சொல்லில் அமைந்த இத்தகைய உடன்பாடு ஒன்று, மற்றோர் அழகரைப் பாடும் முக்கூடற்பள்ளில் உண்டு. ஆனால் அது வசையின் வழியே பிறப்பது. அதன் இயல்பை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முக்கூடற்பள்ளு ஆசிரியர் பெயர் அறியப்படாத நூல். 17ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டித் தோன்றியது என்பர். பொருநையும் சிற்றாறும் கூடுமிடமாகிய முக்கூடல், இன்று சீவலப்பேரி என வழங்குகிறது. உழவன் ஒருவனுக்கு மனைவியர் இருவர். மூத்தவள் வடகரை நாட்டு முக்கூடலினள், திருமாலை வழிபடுபவள். இளையவள் தென்கரை நாட்டு மருதூரினள், சிவனை வழிபடுபவள். ஆற்றின் இரு கரைகளும், இரு சமயங்களும் ஒரு குடும்பத்துள் வந்து பூசலிடுகின்றன.

இப்பூசல் சமயத்திலிருந்து தொடங்கியதன்று என்பது கருதத்தக்கது. கணவனின் அன்பில் யாருக்கு உரிமை மிகுதி என்பதே வழக்கின் வேர். சினம் முற்றிய பின்னரே தெய்வங்கள் வழக்கினுள் இழுக்கப்படுகின்றன. உடுக்க ஒரு துண்டும் இன்றிப் புலித்தோலை உடுத்தவன் என்று மூத்தவள் சிவனைப் பழிப்பாள். மரவுரியைச் சேலையாகக் கட்டியவன் என்று இளையவள் திருமாலைப் பழிப்பாள். இரந்தும் பசி தீராமல் நஞ்சை உண்டான் என்பது ஒரு வசை. மாடு மேய்த்தும் சோறின்றி மண்ணை உண்டான் என்பது அதற்கு விடை. ஏறிச் செல்ல மாடு என்றால் பறவை என்று எதிர்மொழி வரும்.

இவ்வசைகளின் உட்பொருள் யாது? நஞ்சுண்டது தேவரைக் காத்த அருட்செயல். மரவுரி தந்தை சொற்காத்த மகனின் கோலம். மண்ணுண்ட வாயே அன்னைக்கு உலகமெல்லாம் காட்டிய வாய். ஆகவே பழிப்பவள் அறிந்தோ அறியாமலோ எதிரியின் தெய்வத்தின் பெருமைகளையே எண்ணிக் காட்டுகிறாள். பழிப்பது போலப் புகழ்வதைப் புகழாப் புகழ்ச்சி என அணி நூலார் வகுப்பர். வடமொழியாளர் இதனை நிந்தாத்துதி என்பர்.

மற்றொரு நயமும் இதனுள் அடங்கும். துணியின்மை, சோறின்மை, ஊர்தியின்மை என்னும் இக்குறைகள் யாவும் ஏசுவோரின் சொந்தக் குறைகளே. பிறர் நிலத்தில் உழைத்துப் பிறர் களஞ்சியத்தை நிரப்பும் குடியினர், தம் வறுமையின் சொற்களாலேயே தெய்வங்களை அளக்கின்றனர். அவ்வளவையில் இரு தெய்வங்களும் அவர்களோடு ஒத்த ஏழைகளாகி விடுகின்றன. இறைவனைத் தாழ்த்த எழுந்த சொல் அவனைத் தம் குடிசைக்கு அழைத்து வந்துவிடுகிறது. இதுவே இவ்வேசலின் உச்ச முரண்.

இறுதியில் இருவரும் பகை நீங்கி ஒன்றுபடுகின்றனர். இதற்கு இடம் தந்தவை இரண்டு. ஒன்று, அயலார் சமயக் கதையை அவரளவு அறிந்திருத்தல். மண்ணுண்ட கதையை அறியாதவள் அதனை வசையாகவும் சொல்ல இயலாது. மற்றொன்று, ஒருத்தி சொன்ன அளவே மற்றவளும் சொல்லும் நிகர்நிலை. விடை கூற உரிமையில்லாதவரை நோக்கி இதே சொற்கள் எழுந்திருப்பின், அவை ஏசலாகாமல் கொடுமையாகவே முடிந்திருக்கும். அயலார் தெய்வத்தை எள்ளி நகையாடுவது தீங்கின்றி முடிய வேண்டுமாயின் அறிவும் சமனும் வேண்டும். அவை இல்லாதவிடத்து வாய் அடங்குதலே அறம்.