கடிகாரம் பிடிக்க ஆள் தேவை

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸின் ஆரம்ப காலத்தில், ஓட்டப்பந்தய எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் தன்னார்வலர்கள் வரிசையாக நிற்பார்கள். ஓடி வருபவரை வாரி அணைத்துப் பாராட்டுவது மட்டும்தான் வேலை. அந்தப் பொறுப்புக்கு 'ஹக்கர்' என்றே பெயர். வீட்டின் பின்கட்டிலேயே வளர்ந்த ஒரு பிள்ளையை நாலு பேர் முன்னால் யாரோ ஒருவர் அணைத்துக்கொள்வது அன்றைக்குப் பெரிய விஷயம்தான். பிறகு பல இடங்களில் அந்த வழக்கத்தை விட்டுவிட்டார்கள். முன்பின் தெரியாத ஒருவர் இருபத்தெட்டு வயது ஓட்டக்காரரைக் கட்டிப்பிடிப்பது வேறு எந்த மைதானத்தில் நடக்கிறது?

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களின் விளையாட்டுக்கு உதவக் கிளம்புகிற பலரும் இன்னும் அந்த ஹக்கர் மனநிலையோடுதான் கிளம்புகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. நல்ல மனசுதான். ஆனால் மைதானத்தில் அன்புக்குப் பஞ்சமில்லை. ஸ்டாப்வாட்சைச் சரியாக அமுக்கத் தெரிந்தவருக்குத்தான் பஞ்சம்.

ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் இயக்கம் பிறந்ததே தன்னார்வலர்களின் கையில்தான். அமெரிக்காவின் கென்னடி குடும்பத்தில் மூத்த மகளான ரோஸ்மேரிக்குப் பிறவியிலேயே அறிவுசார் குறைபாடு. 1941-ல், 23 வயதில், அவருக்கு 'லோபாட்டமி' என்ற மூளை அறுவை சிகிச்சை செய்தார்கள். அதற்குப் பின் அவர் நடக்கவும் பேசவும் தடுமாறினார். வாழ்நாளின் பெரும்பகுதி விஸ்கான்சினில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் கழிந்தது. தங்கை யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் 1962 ஜூன் மாதம் மேரிலாந்தில் தன் வீட்டுத் தோட்டத்திலேயே ஒரு கோடைமுகாம் நடத்தினார். மற்ற முகாம்கள் சேர்க்க மறுத்த பிள்ளைகளுக்கு அங்கே நீச்சலும் குதிரையேற்றமும் கற்றுத்தரப்பட்டன. ஏறத்தாழ பிள்ளைக்கு ஒருவர் என்ற கணக்கில் பள்ளி, கல்லூரி மாணவர்கள் உடனிருந்தார்கள். அண்ணன் ஜான் அப்போது நாட்டின் ஜனாதிபதி. கணவர் சார்ஜென்ட் ஷ்ரைவரோ தன்னார்வலர்களை உலகெங்கும் அனுப்பும் 'பீஸ் கோர்' அமைப்பின் முதல் இயக்குநர். ஆள் திரட்டுவது அந்த வீட்டுக்குப் புதிதல்ல.

அதே காலத்தில் கனடாவின் டொராண்டோவில் ஃப்ராங்க் ஹேடன் என்ற ஆய்வாளர், அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளின் உடல்திறனை அளந்துகொண்டிருந்தார். மற்ற பிள்ளைகளில் பாதி அளவுதான் இருந்தது. குறைபாடு இருந்தால் அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் முடிவுகட்டியிருந்தார்கள். ஹேடன் வேறு காரணத்தைக் காட்டினார்: இவர்களை யாரும் ஓடவிடவே இல்லை. பயிற்சி கொடுத்தபோது உடல் தேறியது.

1968 ஜூலை 20 அன்று சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்டு அரங்கில் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸின் முதல் சர்வதேசப் போட்டி நடந்தது. நகரப் பூங்காத் துறையில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்த ஆன் மெக்ளோன் பர்க், உள்ளூர் அளவில் ஒரு தடகளப் போட்டி நடத்தலாம் என்றுதான் கேட்டிருந்தார். ஏன் நாடு முழுக்க நடத்தக்கூடாது என்று அதைப் பெரிதாக்கியவர் யூனிஸ். அவருடைய தம்பி ராபர்ட் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 26 மாநிலங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் சுமார் 1,000 பேர் ஆட வந்தார்கள். அத்தனை பெரிய அரங்கில் பார்வையாளர் வரிசை மட்டும் அநேகமாகக் காலி.

இப்போது கடிகாரத்துக்கு வருகிறேன். இந்தப் போட்டிகளில் நாட்டிலேயே வேகமான எட்டுப் பேரை மட்டும் பொறுக்கி ஓடவிடுவதில்லை. முதலில் ஒரு முன்சுற்று. அதில் கிடைத்த நேரத்தையும், ஆணா பெண்ணா, வயது என்ன என்பதையும் வைத்து, கிட்டத்தட்ட சமமாக ஓடுபவர்களை மூன்று முதல் எட்டுப் பேர் கொண்ட பிரிவுகளாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் தனி இறுதிச்சுற்று, தனித் தங்கம். முதல் மூவருக்குப் பதக்கம். நான்கு முதல் எட்டு வரை வந்தவர்களுக்கு ரிப்பன். (இதனால்தான் இந்தியா 2023 பெர்லின் போட்டியில் 202 பதக்கம் வென்றதை ஒலிம்பிக் பட்டியலோடு ஒப்பிட்டுப் பெருமூச்சு விடுவதில் அர்த்தமில்லை. அந்த 202-ஐக் குறைத்து மதிப்பதிலும் அர்த்தமில்லை.)

முன்சுற்றில் வேண்டுமென்றே மெதுவாக ஓடி, சுலபமான பிரிவுக்குள் நுழைந்து, இறுதியில் பாய்ந்து தங்கம் வாங்கினால்? அதற்கும் விதி உண்டு. பல போட்டிகளில் எல்லை 15 சதவீதம். முன்சுற்று நேரத்தைவிட அதற்கு மேல் வேகமாக இறுதியில் ஓடினால் தகுதி நீக்கம்.

இங்கேதான் கைதட்டும் தன்னார்வலர் ஆபத்தானவர் ஆகிறார். ஒரு பெண் 50 மீட்டரைப் பத்து விநாடியில் ஓடுகிறார் என்று வையுங்கள். முன்சுற்றில் நேரம் எடுப்பவர் உற்சாகத்தில் இரண்டு தட்டு தட்டிவிட்டு வாட்சை நிறுத்துகிறார். அட்டையில் 12 விநாடி என்று ஏறுகிறது. இறுதிச்சுற்றில் அவர் வழக்கம்போலப் பத்து விநாடியில் ஓடி முதலாவதாக வருகிறார். 12-ல் 15 சதவீதம் போனால் 10.2. அவர் அதைவிட வேகம். முழு மூச்சாக ஓடியதற்காகவே பதக்கம் போகிறது. அதை அவருக்கு யார் விளக்குவது?

பயிற்சி நேரத்தில் தேவைப்படுவது வேறு விதமான நிதானம். "அங்கே போய், பந்தை எடுத்து, கோட்டுக்குப் பின்னால் நின்று எறி" என்பது நான்கு கட்டளைகள். ஒன்றைச் சொல்லி, செய்து காட்டி, அவர் செய்து முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். புதிதாக வருபவர்களுக்குக் கடைசிப் பகுதிதான் கஷ்டம். மூன்று விநாடி மௌனத்தைத் தாங்கமுடியாமல் கையைப் பிடித்து இழுத்துவிடுகிறார்கள். எல்லைக்கோட்டைத் தொட்டதும் டக்கென்று நின்றுவிடுபவர்கள் உண்டு. அவர்களுக்குக் கோட்டைத் தாண்டி ஐந்து மீட்டர் தள்ளி நின்று "இங்கே வா" என்று கூப்பிட ஆள் வேண்டும். ஆட்டிசமும் உள்ளவர் விசில் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டால், விசிலுக்குப் பதில் கொடி.

டவுன் சிண்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளுக்கிடையே பிடிமானம் தளர்ந்திருக்கும். அவர்கள் தலைகீழாக நீரில் பாய்வதும் குட்டிக்கரணம் அடிப்பதும் தண்டுவடத்தையே பாதிக்கலாம். மருத்துவப் படிவத்தை வாங்கிக் கட்டிவைப்பது சலிப்பான மேஜை வேலை என்று நினைப்பவர், அந்தப் பக்கத்தை மட்டுமாவது படித்துவிட வேண்டும். ஓடத் தெரியாத மருத்துவர்களுக்கும் இங்கே வேலை உண்டு: 1997 முதல் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் தன் போட்டிகளில் கண், காது, பல் பரிசோதனைகளை இலவசமாக நடத்துகிறது. பல்வலியை வாய்விட்டுச் சொல்லத் தெரியாதவரின் சொத்தைப் பல், ஓட வந்த இடத்தில் கண்டுபிடிக்கப்படுகிறது.

நம் ஊரில் டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினத்தை ஒட்டி மைதானங்கள் களைகட்டும். கல்லூரிப் பேருந்துகள் வரும், தொப்பியும் டீஷர்ட்டும் வரும், போட்டோ எடுக்கப்படும். ஜனவரியில் சிறப்பாசிரியரும் இருபது பிள்ளைகளும் மட்டும். பள்ளி வயது தாண்டியவர்கள் நிலை இன்னும் மோசம். இருபது, முப்பது வயதில் வீட்டில் டி.வி. முன்னால் உட்கார்ந்து எடை கூடிக்கொண்டிருப்பவர்களை எந்தப் பள்ளி மைதானமும் கூப்பிடுவதில்லை. முப்பத்தைந்து வயதுக்காரரை "பாப்பா" என்று கொஞ்சுகிற உறவினர்களும் கூப்பிடுவதில்லை.

இவர்களுக்கு ஏற்றது, 1980களின் இறுதியில் உருவான 'யூனிஃபைடு' ஆட்டம். குறைபாடு உள்ளவரும் இல்லாதவரும் ஒரே அணி. ஐவர் கால்பந்தில் மூன்று பேர் குறைபாடு உள்ளவர்கள், இரண்டு பேர் குறைபாடு இல்லாத கூட்டாளிகள். பதினொருவர் ஆட்டத்தில் ஆறும் ஐந்தும். கூட்டாளி தானே எல்லா கோலையும் அடித்துத் தள்ளுவது விதிக்கே விரோதம். வேண்டுமென்றே விட்டுக்கொடுத்து ஆடினாலும் ஆட்டம் கெட்டுவிடும். ஆகவே ஏறத்தாழ ஒத்த வயதும் ஒத்த திறமையும் உள்ளவரைத்தான் தேடுகிறார்கள். உங்கள் பேட்மின்டன் சுமார்தானா, பிரச்னையே இல்லை. இரட்டையர் ஆட்டத்துக்கு ஓர் ஆள் போதும். ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் பாரத்தின் மாநிலக் கிளையையோ பக்கத்துச் சிறப்புப் பள்ளியையோ கேட்டால் ஜோடியில்லாமல் காத்திருப்பவர் யாரென்று சொல்வார்கள். ஒரு செட்டோடு விடமாட்டார்கள். சனிக்கிழமை மாலையைக் கொஞ்சம் தாராளமாகவே ஒதுக்கிக்கொண்டு போங்கள்.