எர்த்து சரியில்லாத அம்பாசிடர்

எங்கள் வீட்டு முற்றத்தில் நிற்கிற அம்பாசிடர் 1978-ல் அப்பா வாங்கியது. எண் பலகையில் பழைய கே.எல்.டி. எழுத்துகள். பாறசாலையிலிருந்து களியக்காவிளைச் சந்தைக்குத் தேங்காய் ஏற்றியதும், நெய்யாற்றின்கரையிலிருந்து என் தங்கையைப் பிரசவம் முடித்துக் கூட்டிவந்ததும் இந்த வண்டிதான். சென்ற ஆண்டு இதன் பதிவைப் புதுப்பிக்கும் முறை வந்தது. 15 ஆண்டு கடந்த காருக்கு முன்பு 600 ரூபாயாக இருந்த கட்டணம், 2022 ஏப்ரலில் 5,000 ஆக்கப்பட்டிருந்தது. கட்டணத்தைக் கட்டிவிடலாம். ஆய்வுக்குக் கொண்டுபோகிறபோது விளக்கெல்லாம் எரிய வேண்டுமே, அதுதான் கவலை.

எரியவில்லை என்று சொல்ல முடியாது; தாறுமாறாக எரிந்தது. பிரேக்கை மிதித்தால் பின்பக்க இடது விளக்கு மங்கும். முன்பக்க இடது இண்டிகேட்டர் மின்மினி மாதிரி லேசாகக் கண் திறக்கும். இடவப்பாதி மழையில் ஒரு ராத்திரி திரும்பி வருகையில் ரப்பர் கருகுகிற வாடையும் சேர்ந்துகொண்டது. வண்டியை ஓரங்கட்டி, பானெட்டைத் தூக்கி, பாட்டரி வயரைக் கழற்றிவிட்டு, நனைந்தபடியே வீட்டுக்கு நடந்தேன்.

ஒரு பட்டறையில் காட்டினேன். கையை உள்ளே விடாமலே, "வயரிங் செட் முழுசா மாத்தணும், இல்லேன்னா இரும்பு விலைக்குப் போடுங்க" என்றார்கள். மகனும் அதையே சொன்னான். ஆய்வுக்குப் பத்து நாள்தான் இருந்தது.

இஞ்சிவிளைப் பக்கம் ஒரு பழைய எலக்ட்ரீஷியன் இருக்கிறார். எழுபது தாண்டியவர், இப்போது தொழிலில் இல்லை. நம் எல்லைக்காரர்களின் பேச்சு அன்பர்களுக்குத் தெரிந்ததுதானே. 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு தமிழ்நாட்டோடு சேர்ந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. பேச்சு மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருந்துவிட்டது. அவர் வந்து பியூஸ் பெட்டியைத் திறந்ததும், "மக்களே, இது ஆரு செஞ்ச வேலை?" என்று கேட்டார். 35 ஆம்பியர் பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றி வைத்திருந்தார்கள். எப்போதோ பியூஸ் போயிருக்கிறது. ஏன் போனது என்று பாராமல், போகாதபடி செய்துவிட்டார்கள். பியூஸ் போகாவிட்டால் வயர்தானே வேக வேண்டும்?

அவர் கையில் இருந்த கருவி ஒன்றே ஒன்று: ஒரு 12 வோல்ட் பல்பு, அதில் இரண்டு வயர். ஈயத்தாளை உருவிவிட்டு, பியூஸின் இரண்டு முனைகளிலும் அந்த வயர்களைக் கொடுத்தார். ஹார்ன் அடிக்கவில்லை, உள்விளக்கும் போடவில்லை. அப்படியென்றால் பல்பு எரியக் கூடாது. அதுவோ பளிச்சென்று எரிந்தது. எங்கோ வயர் உடம்பைத் தொடுகிறது என்று அர்த்தம். "நீங்க பல்பைப் பாத்துக்கிட்டு நில்லுங்க" என்று சொல்லிவிட்டு, வயர்க்கட்டை முழம் முழமாக அசைத்துக்கொண்டே போனார். ரேடியேட்டர் ஓரத்துத் தகரக் கிளிப்பைத் தொட்டதும் பல்பு அணைந்தது. ஹார்னுக்குப் போகிற ஊதா வயரின் தோலைக் கிளிப் அறுத்திருந்தது. இதைக் கண்டுபிடிக்க ஆன நேரம் கால்மணி.

நிறத்தைப் பார்த்தே அவர் வேலை செய்தார். அம்பாசிடர் என்பது மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரின் இந்தியப் பிறவி. அதனால் வயர்களுக்கும் பிரிட்டிஷ் லூகாஸ் நிறக்கணக்குத்தான். பிரவுன் என்றால் பாட்டரியிலிருந்து பியூஸ் இல்லாமல் வருவது. வெள்ளை, சாவி திருப்பினால் உயிர்பெறுவது. பச்சை, அதுவே பியூஸ் தாண்டிப் போவது. ஊதாவுக்குப் பியூஸ் உண்டு, ஆனால் சாவி தேவையில்லை. நீலம் ஹெட்லைட், சிவப்பு சிறுவிளக்கு, கறுப்பு எர்த். என் வண்டியில் பாதி இடத்தில் யாரோ கடையில் கிடைத்த சிவப்பு வயரையே போட்டு ஒட்டியிருந்தார்கள். அதைப் பார்த்து அவர் கோபப்பட்டதுபோல ஈயத்தாளைப் பார்த்துக்கூடக் கோபப்படவில்லை.

இன்னொன்றும் சொன்னார். அந்தக் கால அமைப்பில் ஹெட்லைட்டுக்குப் பியூஸே கிடையாது. ஆகவே பிரவுன் வயரில் கீறல் விழுந்தால் தடுக்க ஆள் இல்லை, வண்டியே எரியும்.

பிறகு டிக்கிப் பக்கம் வந்தோம். என்னைப் பிரேக்கை மிதிக்கச் சொன்னார். ஒரு துண்டு வயரின் ஒரு முனையைப் பின்விளக்கின் தகரத்திலும் மறுமுனையைச் சுரண்டிய சேசிஸிலும் வைத்தார். உடனே பிரேக் விளக்கு முழுசாக எரிந்தது, முன்பக்க மின்மினி செத்தது. விளக்கின் எர்த் திருகு துருப்பிடித்திருக்கிறது. மின்சாரம் உடம்பு வழியாகத் திரும்ப வழி கிடைக்காமல் இண்டிகேட்டர் பல்பின் இழை வழியாக முன்பக்கம் சுற்றிப் போயிருக்கிறது. 21 வாட் பல்பின் பாதையில் ஒரே ஒரு ஓம் தடை வந்தாலே அதற்குக் கிடைப்பது பத்தரை வோல்ட்தான். கடல் காற்றும் ஆண்டுக்கு இரண்டு பருவமழையும் வாங்குகிற ஊரில் ஒரு ஓம் துரு பெரிய விஷயமா? உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, புது லக் வைத்துத் திருகி, மேலே வாசலின் பூசினார்.

ஹெட்லைட் மஞ்சளடிப்பதையும் கேட்டேன். பாலராமபுரம் நெரிசலில் ஊர்ந்து போகும்போதுதான் மஞ்சளாகும். அதற்கு அவர் சிரித்தார். இது டைனமோ வண்டி. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது டைனமோ ஒன்றும் தராது. அது நோயல்ல, சுபாவம். இதை நோய் என்று எண்ணி நான் இரண்டு பாட்டரி மாற்றியிருக்கிறேன்!

பழைய கார் வைத்திருக்கும் அன்பர்கள் பாட்டரி மாற்றுமுன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். என் வண்டியில் எதிர்முனைதான் எர்த். அதற்கு முந்திய பல பிரிட்டிஷ் கார்களில் நேர்முனை உடம்போடு சேர்ந்திருக்கும். வயரை மாற்றிக் கொடுத்தால் பிறகு வருத்தப்பட வேண்டிவரும்.

கூலி எவ்வளவு என்று கேட்டதற்கு, "நல்ல சாயா ஒண்ணு போடச் சொல்லுங்க" என்றார். வற்புறுத்தித்தான் கொடுக்க முடிந்தது.

ஆய்வு நாளன்று மகனே வண்டியை ஓட்டினான். பிரேக்கை மிதிக்கச் சொன்னார்கள், இண்டிகேட்டர் போடச் சொன்னார்கள், ஹார்ன் அடிக்கச் சொன்னார்கள். மூன்றும் சரியாக இருந்தன. இன்னும் ஐந்து ஆண்டுக்குப் பதிவு இருக்கிறது. திரும்புகிற வழியில் மகன், "அப்பா, ஹெட்லைட்டுக்குத் தனியா ஒரு பியூஸ் வெச்சா என்ன?" என்று கேட்டான். வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்த வேலை. பெரியவரையும் வரச் சொல்லியிருக்கிறோம்.