போதைப்பொருள் வகைப்பாடும் அரசதிகாரமும்

மருந்துகளைத் தரம்பிரித்தல் விஞ்ஞானத்தின் பணியென்றே பொதுவாகக் கருதப்படுகிறது. ஐக்கிய அமெரிக்காவின் 1970ஆம் ஆண்டுக் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்கள் சட்டத்தை நுணுகி நோக்கின் இக்கருத்து வலுவிழக்கும். போதைப்பொருள்களை ஐந்து அட்டவணைகளாக வகுத்த அச்சட்டம், மருத்துவப் பயனற்றவையெனக் கொள்ளப்பட்டவற்றுக்குரிய முதலாம் அட்டவணையில் ஹெரோயினோடு கஞ்சாவையும் சேர்த்தது. சுகாதாரத் திணைக்களம் மருத்துவ மதிப்பீட்டை வழங்கும். இறுதி விதியை ஆக்கும் அதிகாரமோ சட்டமா அதிபருக்குரியது. அவர் சார்பில் அதனைச் செயற்படுத்தி வந்தது 1973இல் நிறுவப்பெற்ற போதைப்பொருள் அமுலாக்க நிறுவகம். அதாவது, கைதுசெய்யும் நிறுவகமே எதற்காகக் கைதுசெய்யலாம் என்பதையும் வகுத்தது. 1988இல் அந்நிறுவகத்தின் நிர்வாக நீதிபதியே கஞ்சாவை இரண்டாம் அட்டவணைக்கு மாற்றுமாறு விதந்துரைத்தார். 1989இல் நிறுவகத் தலைவர் அதனை நிராகரித்தார். மதுவும் புகையிலையுமோ எவ்வட்டவணையிலும் இல்லை. சட்டத்தின் வரைவிலக்கணமே அவற்றை விலக்கிவிட்டது. இதற்கு மருந்தியலில் விளக்கம் தேடுவதிலும் அவ்விரு தொழில்களின் மூலதன வரலாற்றை ஆராய்வதே பொருத்தமென நாம் கருதுகிறோம்.