பழைய ‘குட்டை’ எலெக்ட்ரிக் கிட்டார்: இவ்வளவு மவுசு ஏன்? வாங்கலாமா?

ஆடி மாசம் வந்தால் சேலம் கோட்டை மாரியம்மன் திருவிழா களைகட்டும். சேலம், நாமக்கல் பக்கம் கோயில் விசேஷம் என்றால் ராத்திரி மெல்லிசைக் கச்சேரியும் சேர்ந்தே வரும். அதைப் பார்த்துட்டு, "எனக்கும் கிட்டார் வேணும்ப்பா" என்று பிள்ளைகள் கேட்பதும் சகஜம்தான்.

ஆன்லைனில் தேடினால் 1960-களின் ‘ஷார்ட் ஸ்கேல்’ கிட்டார்கள் கண்ணில் படும். சின்னக் கைக்கு ஏற்றது என்பார்கள். ஆனால் பழசு வாங்குவது சரியா? தெரிஞ்சுக்கலாம் வாங்க.

ஷார்ட் ஸ்கேல் என்றால் என்ன?

இது கிட்டாரின் மொத்த நீளம் இல்லை. தலைப்பக்கம் இருக்கும் ‘நட்’டில் இருந்து உடல் பகுதியில் இருக்கும் ‘பிரிட்ஜ்’ வரை, கம்பி அதிரும் நீளம்தான் ஸ்கேல். ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் இது 25.5 அங்குலம். 24 அங்குலமும் அதற்குக் கீழும் இருந்தால் பொதுவாக ஷார்ட் ஸ்கேல் என்பார்கள்.

1956-ல் மியூசிக்மாஸ்டர், டியோ-சோனிக் என்ற இரண்டு மாடல்களை 22.5 அங்குலத்தில் ஃபெண்டர் கொண்டுவந்தது. கற்றுக்கொள்பவர்களுக்கான குறைந்த விலை கிட்டார்கள் இவை. 1964-ல் மஸ்டாங் வந்தது. அது 24 அங்குலத்திலும் கிடைத்தது.

என்ன வசதி?

ஒரே கம்பி, ஒரே சுருதி என்றால், 24 அங்குல கிட்டாரில் கம்பியின் இழுவிசை சுமார் 11% குறையும். 22.5 அங்குலத்தில் சுமார் 22% குறையும். அதனால் விரல் அதிகம் வலிக்காது, கம்பியை வளைத்து வாசிப்பதும் சுலபம். ஃபிரெட் இடைவெளியும் குறைவதால் சின்ன விரலுக்கும் எட்டும்.

விலை ஏன் எகிறியது?

மாணவர் மாடல் என்பதால் ஒரு காலத்தில் இவை மலிவாகக் கிடைத்தன. காசு இல்லாத ராக் கலைஞர்கள் வாங்கினார்கள். நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன் 1991-ல் வெளியான வீடியோவில் வாசித்த 1969 மஸ்டாங், 2022 ஏலத்தில் சுமார் 45 லட்சம் டாலருக்குப் போனது. மலிவு என்று வாங்கிய கிட்டார், இப்போது சேகரிப்பவர்கள் தேடும் பொருள் ஆகிவிட்டது.

சிக்கல் எங்கே?

* தடித்த கம்பி தொளதொளவென்று இருக்கும். அழுத்திப் பிடித்தால் சுருதி ஏறிவிடும். கொஞ்சம் கனமான கம்பி போட்டால் இது குறையும்.
* மேல் ஃபிரெட்கள் நெருக்கமாக இருப்பதால் பெரிய விரல்களுக்கு இடம் போதாது.
* பழைய சிங்கிள் காயில் பிக்கப், கரண்ட் இரைச்சலைப் பிடித்துக்கொள்ளும். மேடை விளக்குகளுக்குப் பக்கத்தில் ‘ம்ம்’ என்ற சத்தம் கூடும்.
* மஸ்டாங்கின் வைப்ரேட்டோவைச் சரியாக செட் செய்யாவிட்டால் சுருதி நிற்காது. பழைய மாடலுக்கு ஒரிஜினல் பாகங்கள் கிடைப்பதும் கஷ்டம்.
* நம்ம ஊர் சித்திரை வெயிலில் மரம் காய்ந்து சுருங்கும். அப்போது ஃபிரெட் முனைகள் வெளியே நீட்டிக் கையைக் கீறும். வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்கவே கூடாது.

வாங்கும் முன்

1. கழுத்தை நுனியில் இருந்து ஒரு கண்ணால் பாருங்கள். முறுக்கிக்கொண்டு இருந்தால் வேண்டாம்.
2. கழுத்தை நேராக்கும் ‘டிரஸ் ராட்’ வேலை செய்கிறதா என்று கேளுங்கள்.
3. ஒவ்வொரு கம்பியையும் திறந்து வாசித்து, பிறகு 12-வது ஃபிரெட்டில் அழுத்தி டியூனரில் பாருங்கள். இரண்டும் ஒரே ஸ்வரமாக வரணும்.
4. ஆம்ப்ளிஃபயரில் செருகிக் கேட்காமல் காசு கொடுக்காதீங்க.

அப்போ என்னதான் செய்வது?

விரலுக்குச் சுகம் தருவது ஸ்கேலின் நீளம்தான், கிட்டாரின் வயசு இல்லை. ஃபெண்டரின் குறைந்த விலை பிராண்டான ஸ்குயரிலேயே 24 அங்குல மஸ்டாங் புதிதாக வந்திருக்கிறது. பிள்ளை கற்றுக்கொள்ள அது போதும். ரிப்பேர் பார்க்கத் தெரிந்தவர், பழைய பொருள் மேல் ஆசை உள்ளவர் என்றால் மட்டும் பழசைத் தேடிப் போகலாம்.